எல்.இ.டி. மங்கலாக எரிவது ஏன்?

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் விளக்குத் தோரணங்கள் ஏறிவிடும். வீட்டு வாசலுக்கும் ஒன்று செய்யலாமென்று, கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் எல்.இ.டி. வாங்கிவரும் மாணவர்கள் பலருக்கும் வரும் குறை, வெளிச்சம் போதவில்லை என்பதே.

எல்.இ.டி. ஒரு குறைகடத்தி. குறிப்பிட்ட மின்னழுத்தத்தை எட்டும்வரை அது சரியாக ஒளிராது. சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். பெரும்பாலான வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது நீலச் சில்லு; அதன்மேல் பூசிய பாஸ்பர்தான் ஒளியை வெள்ளையாக்குகிறது. கெடா மாநிலம் கூலிமில் 2017இல் திறக்கப்பட்ட ஒஸ்ராம் ஆலை இத்தகைய நீலச் சில்லுகளுக்காகவே கட்டப்பட்டது. இந்த வோல்ட் வேறுபாட்டால், 1.5 வோல்ட் பேட்டரி இரண்டைக் கோத்தால் சிவப்பு நன்றாக எரியும். வெள்ளையோ பேட்டரி சற்று இறங்கியதுமே மங்கும்.

அடுத்தது ரெசிஸ்டர். சாதாரண 5 மி.மீ. எல்.இ.டி. 20 மில்லி ஆம்பியர் தாங்கும். 5 வோல்ட் கைப்பேசி சார்ஜரில் சிவப்பை எரித்தால் மிச்சம் 3 வோல்ட்; அதை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 150 ஓம். பழுப்பு, பச்சை, பழுப்பு என்று வளையமிட்ட ரெசிஸ்டர் அது. கைக்குக் கிடைத்த 1,000 ஓமைப் போட்டால் ஓடுவது 3 மில்லி ஆம்பியர்தான்; வெளிச்சம் மங்கிவிடும்.

அதற்காக 20ஐத் தாண்டக் கூடாது. சூடேறி ஆயுள் குறையும். மின்னோட்டத்தை இரட்டித்தாலும் கண்ணுக்கு வெளிச்சம் இருமடங்காகத் தெரியாது.

வாங்கும்போது மில்லிகேண்டெலா எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஒரு திசையில் விழும் ஒளியின் செறிவு. ஒரே சில்லை 15 பாகைக் குவிமுனையில் வைத்தால் எண் எகிறும், பக்கவாட்டில் இருட்டாகிவிடும். தெருவில் போவோர் எல்லாப் பக்கமிருந்தும் பார்க்கும் தோரணத்துக்கு அகன்ற கோணமே ஏற்றது.

நிறைய விளக்கு வேண்டுமா? 12 வோல்ட் அடாப்டரில் மூன்று வெள்ளை எல்.இ.டி.யைத் தொடராக இணைத்து 150 ஓம் கொடுங்கள். ஒன்றுக்குச் செலவாகும் அதே 20 மில்லி ஆம்பியரில் மூன்றும் எரியும். ஒவ்வொரு சரத்துக்கும் தனி ரெசிஸ்டர் அவசியம். ஒன்றையே பகிர்ந்தால் ஒரு சரம் பளிச்சென்றும் மற்றது மங்கியும் எரியும்.

மங்கினால் வோல்ட், ரெசிஸ்டர், கோணம் என்று வரிசையாகச் சரிபாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் வெளிச்சம் போதாவிட்டால், இருப்பதை வதைக்காமல் இன்னொரு சரம் சேர்ப்பதே வழி.