ஏறு, அல்லது வெளியேறு

மேலாண்மை ஆலோசனை நிறுவனம் என்பது பிற நிறுவனங்களின் நிர்வாகச் சிக்கல்களை ஆராய்ந்து, தீர்வு கூறி, அதற்குக் கட்டணம் பெறும் அமைப்பாகும். ஆலையோ சரக்கோ இல்லாத அத்தகைய நிறுவனத்துக்கு ஊழியர்களின் நேரமே விற்பனைப் பொருள் என்பதால், அங்குள்ள வேலைச் சூழலின் பெருமையும் வேதனையும் பெரும்பாலும் அந்த நேரத்தைச் சுற்றியே அமைகின்றன.

சிகாகோ பல்கலைக்கழகக் கணக்கியல் பேராசிரியர் ஜேம்ஸ் மெக்கின்சி 1926இல் தொடங்கிய நிறுவனத்துக்கு இன்றைய உருவைக் கொடுத்தவர், 1933இல் அதில் சேர்ந்து, 1950 முதல் 1967 வரை அதற்குத் தலைமை தாங்கிய மார்வின் பௌவர் ஆவார். வழக்கறிஞரான அவர் சட்ட நிறுவனங்களின் ஒழுங்கை இத்தொழிலுக்குக் கொண்டுவந்ததோடு, அனுபவசாலிகளைத் தேடுவதற்குப் பதிலாக ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்து முடித்த இளைஞர்களைச் சேர்த்து வளர்க்கும் வழக்கத்தையும் வேரூன்றச் செய்தார். முடிவு தவறென்று கருதும் இளநிலை ஊழியர் மூத்தவரிடம் அதை எடுத்துச் சொல்வது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்ற கோட்பாடு அந்நிறுவனத்தில் நிலைபெற்றது. அதன் மரபுகளில் போற்றத்தக்கது இதுவே.

சட்டத்துறையிலிருந்து வந்த மற்றொரு மரபு, குறிப்பிட்ட காலத்துக்குள் பதவி உயர்வு பெறாதவர் விலக வேண்டும் என்பதாகும். இதன் அடிப்படை எளிய கணக்குதான். நிறுவனத்தின் உரிமையையும் இலாபத்தையும் பகிர்ந்துகொள்ளும் பங்குதாரர் ஒருவருக்குக் கீழே மேலாளர்களும் இளநிலை ஆலோசகர்களுமாக எட்டுப் பேர் இருப்பதாகக் கொண்டால், அந்த எட்டுப் பேரும் பங்குதாரராகும்போது அவர்களுக்குக் கீழே அறுபத்து நால்வர் தேவைப்படுவர். வருவாய் அந்த வேகத்தில் பெருகாது. ஆகவே திறமையுள்ளவர்களிலும் பலர் இடையிலேயே இறங்கிவிட நேர்கிறது. இக்கணக்கை அறியாத ஊழியர், இடமின்மையால் நேர்ந்த விலகலைத் தம் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பாக எண்ணி நொந்துபோவது பெருந்துயரம்.

அன்றாட அழுத்தத்தை அளக்கும் கருவி நேரப் பதிவேடு. அதில் ஊழியர் தாம் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு வாடிக்கையாளரின் குறியீட்டின் கீழ் எழுத வேண்டும். புதியவருக்குக் கற்றுக்கொடுத்த மாலைப்பொழுதுக்குக் குறியீடு இல்லையெனில், அது கட்டணம் ஈட்டாத நேரமாகவே கணக்கில் சேரும். திட்டம் ஏதும் ஒதுக்கப்படாமல் காத்திருக்கும் நிலையைச் சென்னையின் மென்பொருள் ஊழியர்களும் ‘பெஞ்ச்’ என்றே அறிவர். அந்நிலை நீண்டால் மதிப்பீடு சரியும் என்ற அச்சத்தால், உடல்நலத்தையும் குடும்பத்தையும் பின்னுக்குத் தள்ளி அடுத்த திட்டத்தை ஏற்பவர்கள் உண்டு.

பல துறைகளை நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பும், விலகிய பின்னரும் உதவும் முன்னாள் ஊழியர் வட்டமும் இவ்வேலையின் மெய்யான பயன்கள், ஐயமில்லை. ஆயினும் இதில் சேர விரும்பும் இளைஞர்கள், சம்பளத்தை விசாரிக்கும் அதே அக்கறையுடன், அடுத்த படிக்கு எத்தனை பேர் உயர்கின்றனர், மதிப்பிடுபவர் யார், விலகுவோருக்கு எவ்வளவு அவகாசம் தரப்படுகிறது என்பவற்றையும் சேரும் முன்பே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.