ரிம் அழகாக இருந்தால் மட்டும் போதுமா?

டயரும் ரிம்மும் விற்கும் தொழிலில் நான் பல வருடங்களாக இருக்கின்றேன். இத்தொழிலில் எனக்கு நட்டத்தையும் வெட்கத்தையும் தந்த ஒரு வியாபாரத்தைப் பற்றி இன்று எழுதுகின்றேன். வாகனம் வைத்திருக்கும் வர்த்தக சகோதரர்களுக்கு அது பயன்படக்கூடும்.

எனது வழமையான வாடிக்கையாளர் ஒருவர், புடைவை வியாபாரி. தனது டொயோட்டா கொரோலா 121 காருக்கு அலோய் ரிம் செட் ஒன்று கேட்டு வந்தார். நான்கு துளைகளும் சரியாகப் பொருந்தின. பூட்டிக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார். "நானா, டிக்கியில் புடைவைக் கட்டு ஏற்றினால் பின் டயர் மட்காட்டில் உராய்கிறது. பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கிறது" என்றார். இரண்டு டயர்களின் ஓரமும் வெட்டுப்பட்டிருந்தன.

தவறு என்னுடையது. துளையைப் பார்த்த நான் 'ஓப்செட்' இலக்கத்தைப் பார்க்கவில்லை.

ஓப்செட் என்பது என்ன? ரிம்மின் அகலத்திற்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரிம் ஹப்பில் பதியும் முகம் அக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது என்பதே ஓப்செட். ரிம்மில் 'ஈ.டி. 45' என்று பொறித்திருந்தால், அம்முகம் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக 45 மில்லிமீற்றரில் உள்ளது. இந்த இலக்கம் குறையக் குறைய சில்லு வெளியே தள்ளும். கூடினால் உள்ளே போய் சஸ்பென்சனில் முட்டக்கூடும்.

அவருடைய பழைய ரிம் 6 அங்குல அகலம், ஓப்செட் 45. நான் கொடுத்தது 7 அங்குலம், ஓப்செட் 25. கூடிய ஓர் அங்குலத்தில் பாதி, அதாவது 12.7 மில்லிமீற்றர், வெளிப்பக்கம் சேர்கிறது. ஓப்செட் வித்தியாசம் 20. ஆக மொத்தம் 32.7 மில்லிமீற்றர் சில்லு வெளியே வந்துவிட்டது. வெறும் காரில் இது தெரியாது. பாரம் ஏற்றி பின்பக்கம் தாழ்ந்ததும் டயர் மட்காட்டைத் தொடுகிறது.

ஸ்டியரிங் இழுப்பதற்கும் காரணம் இதுவே. முன் சில்லு திரும்பும் அச்சிலிருந்து டயரின் நடுப்பகுதி விலகிப் போனால், பள்ளத்தின் அடி நீண்ட கம்பால் நெம்புவது போல ஸ்டியரிங்கிற்கு வந்து சேரும். ஒரு பக்கச் சில்லு மணலில் இருக்க பிரேக் பிடித்தாலும் கார் ஒரு பக்கம் இழுக்கும். ஹப் பெயரிங்கிற்கும் பாரம் கூடுவதால் அது சீக்கிரம் தேயும். சில்லு அகன்று நின்றால் வளைவில் கார் உறுதியாக நிற்கும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தச் சிறு நன்மைக்கு இத்தனை விலை கொடுக்க வேண்டியதில்லை.

இடையில் 'ஸ்பேசர்' வைப்பதும் ஓப்செட்டைக் குறைப்பதுதான். 10 மில்லிமீற்றர் ஸ்பேசர் வைத்தால் 45 என்பது 35 ஆகிவிடும். அத்துடன் போல்ட்டில் நட் பிடிக்கும் நீளமும் குறையும். அது ஆபத்து.

நான் அந்த ரிம்களைத் திருப்பி எடுத்து, பழுதான இரண்டு டயர்களுக்கும் பணம் கொடுத்தேன். அன்று முதல் எனது பற்றுச்சீட்டில் ரிம்மின் அகலம், துளை அளவு, நடுத்துவார அளவு, ஓப்செட் ஆகிய நான்கையும் எழுதியே கொடுக்கின்றேன்.

நீங்கள் வாங்கப் போகும்போது, பழைய ரிம்மின் உட்பக்கத்தில் உள்ள இலக்கங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். பாரத்தை ஏற்றி ஓட்டிப் பார்த்த பின்னரே கணக்கை முடியுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.