சாப்பிட உட்கார்ந்தால் தாடை வீங்கும்!

எலுமிச்சங்காய் ஊறுகாய் போடுகிற அன்று, காயை நறுக்கும்போதே நம் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறும். எனக்கோ அன்றைக்கு வலது தாடைக்குக் கீழே சுருக்கென்று ஒரு வலி. தொட்டுப் பார்த்தால் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம்!

'பல் கோளாறாக இருக்கும்' என்று ஜாடியை மூடி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். மத்தியானம் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் மறுபடி அதே வலி, அதே வீக்கம். சாயந்திரத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் வற்றிவிட்டது.

என் மாமியார் பார்த்தார்கள். "இது பொன்னுக்கு வீங்கிதாம்மா. தங்கம் போட்டா வத்திடும்" என்று தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார்கள். சங்கிலி ஒரு வாரம் கிடந்தது. வீக்கம் மட்டும் வேளா வேளைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. என் சித்தி ஒருத்தி கழுத்தில் கட்டி வந்து, அது புற்றுநோய் என்று தெரிந்து, ஒரே வருஷத்தில் போய்விட்டாள். என் கைக்குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். பால் கொடுக்கும்போதெல்லாம், 'இதை விட்டுவிட்டுப் போய்விடுவேனோ?' என்று வயிற்றைப் பிசையும். டாக்டரிடம் போனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் போகவே இல்லை.

சாப்பிட்டால்தானே வீங்குகிறது? சாப்பாட்டைக் குறைத்தேன். தண்ணீர் குடிப்பதும் தானாகக் குறைந்தது. மூன்று மாதத்தில் நன்றாக இளைத்துப் போனேன். 'இளைக்கிறேனே, அப்படியானால் அதேதான்' என்று முடிவு கட்டினேன். சாப்பிடாததால்தான் இளைக்கிறேன் என்று தோன்றவே இல்லை, பாருங்கள்!

ஒரு நாள் ராத்திரி என் கணவர், "என்ன, பாதித் தட்டைத் தள்ளி வைக்கிறே?" என்றார். "பசியில்லீங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மறுநாள் காலை காது மூக்கு தொண்டை டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

கல்லா? வாயிலா?

அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிடும்போது வீங்கி, அப்புறம் வத்திடுதா?" என்பதுதான். கையுறை மாட்டிய விரலை நாக்குக்கு அடியில் வைத்து, மறு கையால் தாடையை வெளியிலிருந்து அழுத்திப் பார்த்தார்கள். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள்.

"எச்சில் சுரப்பியில கல்லும்மா. இது புற்றுநோய் இல்லை. இதுக்குப் போயா மூணு மாசம் பட்டினி கிடந்தே?" என்றார்கள்.

நமக்குக் காதின் முன்புறம் ஒரு ஜோடி, தாடைக்குக் கீழே ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி என்று ஆறு பெரிய எச்சில் சுரப்பிகள் இருக்கின்றன. இவை தவிர வாய் முழுக்கச் சின்னஞ்சிறு சுரப்பிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. எச்சிலில் உள்ள கால்சியம் உப்பு சில சமயம் படிந்து கல்லாகிவிடுகிறது. பெரும்பாலும் தாடைக்குக் கீழே உள்ள சுரப்பியில்தான் இப்படி ஆகும். அங்கே சுரக்கும் எச்சில் கொஞ்சம் கெட்டி. அது வெளிவரும் குழாயும் நீளமானது, மேல்நோக்கி ஏறுவது. உணவைக் கண்டதும் எச்சில் பெருகும்; கல் வழியை அடைக்கும்; சுரப்பி வீங்கும். தண்ணீர் குறைவாகக் குடித்தால் எச்சில் இன்னும் கெட்டியாகும். ஆக, நான் செய்த பத்தியமே எனக்கு எதிரி!

கல் சின்னதாக இருந்தால் தானாகவே வெளியே வந்துவிடலாமாம். நிறையத் தண்ணீர், வெதுவெதுப்பான ஒத்தடம், தாடையைப் பின்னாலிருந்து முன்னால் நீவிவிடுவது, எச்சில் ஊற எலுமிச்சை மிட்டாய்! இரண்டு வாரம் செய்தேன். என் கல் அசையவில்லை. குழாயின் வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்ததால், மரத்துப்போக ஊசி போட்டு, வாய்க்குள்ளேயே சிறிதாகக் கீறி எடுத்துவிட்டார்கள். துவரம்பருப்பு அளவுதான். இதற்கா அத்தனை கண்ணீர்! குழாய்க்குள் மெல்லிய கருவியை விட்டுக் கல்லை எடுக்கும் முறையும் இப்போது உண்டு. கல் ஆழத்தில் இருந்து அடிக்கடி தொல்லை கொடுத்தால் சுரப்பியையே எடுக்க வேண்டி வரலாம்.

நிஜமான பொன்னுக்கு வீங்கி

அடுத்த வருஷம் மூத்த பையனுக்குக் காதின் முன்புறம் வீங்கிக் காய்ச்சலும் வந்தபோது, அது பொன்னுக்கு வீங்கியேதான். இது வைரஸ் கிருமியால் வருவது. வீக்கம் வேளா வேளைக்கு வற்றாமல் சில நாள் அப்படியே இருக்கும். புளிப்பு பட்டால் வலி கூடும் என்பதால் கஞ்சி, குழைந்த சாதம்தான் கொடுத்தேன். வீக்கம் தொடங்கி ஐந்து நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பக் கூடாது. தங்கச் சங்கிலி அழகுக்கு இருக்கட்டும், மருந்தாகாது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் கடுந்தலைவலி, ஓயாத வாந்தி, காது கேளாமை, வயது வந்த பையன்களுக்கு விதைவீக்கம் என்று ஏதாவது கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 2024-ல் கேரளத்தில் இது வெகுவாகப் பரவியது. தமிழ்நாட்டில் 2017-ல் முகாம் வைத்துப் போட்ட தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் இதற்கான மருந்து கிடையாது. எம்.எம்.ஆர். ஊசியில் உண்டு. குழந்தை டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்சிலே ஊறாவிட்டால்?

இதற்கு நேர்மாறான தொல்லை என் மாமியாருக்கு. வாய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் இல்லாமல் இட்லிகூட இறங்காது, பல்லெல்லாம் சொத்தை. அலர்ஜிக்காகத் தினமும் சாப்பிட்ட மாத்திரைதான் காரணம் என்று தெரிந்து, டாக்டர் அதை மாற்றிக் கொடுத்தார். நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோயாலும் வாய் உலரும். வாய் உலர்ச்சியோடு கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், மூட்டு வலியும் சேர்ந்தால் 'ஷோகிரன்' என்ற நோயா என்று பார்க்க வேண்டும். 1933-ல் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் விவரித்த நோய் இது. பெண்களுக்குத்தான் மிக அதிகமாக வருகிறது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

வீக்கத்தோடு காய்ச்சல், வாயில் சீழ். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம். வலியே இல்லாமல் வற்றாமல் நிற்கும் கட்டி. முகம் ஒரு பக்கம் கோணுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். எச்சில் சுரப்பியில் வரும் வீக்கங்களில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும், நம் பயம் சொல்ல முடியாது.

சகோதரிகளே, குழந்தைக்கு ஒரு தும்மல் என்றால் டாக்டரிடம் ஓடுகிற நாம், நமக்கென்றால் முந்தானையால் மூடிக்கொள்கிறோம். நான் மூன்று மாதம் மூடினேன். குழந்தைக்குப் பாலும் குறைந்தது. இந்த வருஷமும் ஊறுகாய் போட்டேன். காயை நறுக்கும்போதே வாயெல்லாம் எச்சில்! அதுகூட எவ்வளவு பெரிய சுகம் என்று இப்போதுதான் தெரிகிறது.