பீட்சாவின் சூட்சுமம் அடுப்பில்

பீட்சாவைப் பற்றிய சண்டைகள் எல்லாம் அதன் மேல்பரப்பிலேயே நடக்கின்றன. அன்னாசிப்பழம் போடலாமா, கூடாதா என்பது அவற்றில் பெரிய சண்டை. கிரேக்கத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த சாம் பனோபுலோஸ், 1962-ல் ஒன்டாரியோ மாகாணத்தின் சாத்தம் நகரில் நடத்திவந்த உணவகத்தில் டப்பா அன்னாசியைத் திறந்து பீட்சாவின் மேல் போட்டுப் பார்த்தார். 55 ஆண்டுகள் கழித்து ஐஸ்லாந்து அதிபர் குவுட்னி யோஹானசன் பள்ளி மாணவர்களிடம், தன்னால் முடிந்தால் அதைத் தடைசெய்துவிடுவேன் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு, பிறகு அப்படிச் சட்டம் போடத் தனக்கு அதிகாரம் இல்லை என்று விளக்கமும் கொடுக்க வேண்டியதாயிற்று. நேப்பிள்ஸ் உசத்தியா, நியூயார்க் உசத்தியா என்ற வழக்கும் இதே வகைதான். தக்காளி, சீஸ், தண்ணீர் என்று சாட்சிகள் வரிசையாக வருவார்கள். அடுப்பை மட்டும் யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. ஊருக்கு ஊர் பீட்சா வேறாக இருப்பதற்கு முதல் காரணம் அதுதான். மாவில் எவ்வளவு எண்ணெய், எந்த சீஸ், சாஸ் மேலேயா கீழேயா என்ற முடிவுகள் பெரும்பாலும் அடுப்பு இட்ட கட்டளைகள்.

நேப்பிள்ஸிலிருந்து தொடங்குவதே முறை. அங்கே 1984-ல் உருவான அசல் நேப்பிள்ஸ் பீட்சா சங்கமும், 2010-ல் அந்தப் பீட்சாவுக்கு மரபுச் சிறப்புத் தகுதி அளித்த ஐரோப்பிய ஒன்றியமும் வகுத்த விதிகளைப் படித்தால் ஏதோ பொறியியல் ஆவணம்போல இருக்கும். விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நடுப்பகுதியின் கனம் 0.4 சென்டிமீட்டர்; விளிம்பு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை உப்பி நிற்க வேண்டும்; அடுப்பின் வெப்பம் 485 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும்; வேகும் நேரம் 60 முதல் 90 விநாடிகள். இவற்றில் கடைசி இரண்டு எண்கள்தான் மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகின்றன. ஒன்றரை நிமிடத்தில் வெந்தாக வேண்டுமென்றால் அப்பம் மெல்லியதாக இருந்தே தீர வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் மாவிலுள்ள ஈரம் முழுவதும் வெளியேற முடியாது. அதனால்தான் நேப்பிள்ஸ் பீட்சா மொறுமொறுப்பாக இல்லாமல், நாலாக மடித்துத் தின்னும்படி துணிபோல் குழைகிறது. அமெரிக்க பீட்சாவுக்குப் பழகிய நாக்கு இதை ‘வேகவில்லை’ என்று நினைக்கும். வெந்துதான் இருக்கிறது, உலர நேரம் கிடைக்கவில்லை.

அடுப்புக்குள் வெப்பம் பீட்சாவை மூன்று வழிகளில் வந்தடைகிறது. தரைக்கல் தொடுகையால் சுடுகிறது. குவிந்த கூரை வெப்பக் கதிர்களை மேலிருந்து பொழிகிறது. இடையில் சுழலும் சூடான காற்று தன் பங்கைச் சேர்க்கிறது. கதிர்வீச்சின் வலிமை, தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்காக ஏறும். இந்த ஒரு விதி செய்யும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டு அடுப்பின் உச்சவரம்பான 250 டிகிரியையும் நேப்பிள்ஸின் 485 டிகிரியையும் ஒப்பிட்டால், வெறும் எண்ணளவில் இரண்டு மடங்குக்கும் குறைவு. ஆனால் கெல்வினுக்கு மாற்றி நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், நேப்பிள்ஸ் கூரை நாலு மடங்குக்கும் அதிகமான கதிர்வீச்சைக் கொட்டுவது தெரியும். விளிம்பில் சிறுத்தைத் தோல்போல் கரும்புள்ளிகள் விழுவது இந்தப் பொழிவால்தான். மெல்லிய குமிழிகளின் உச்சி சட்டென்று உலர்ந்து கருகுகிறது. பக்கத்திலுள்ள ஈரமான மாவு 100 டிகிரியைத் தாண்ட முடியாமல் வெளிறியே நிற்கிறது. புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமும் மணமும் உண்டாக்கும் வினையை 1912-ல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மயார். அது சுறுசுறுப்பாக நடக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். மாவில் நீர் இருக்கும் இடத்தில் அந்தச் சூட்டுக்கு வழியில்லை.

தொடுகையின் கதை இன்னும் சுவையானது. ஒரே வெயிலில் கிடக்கும் மரப்பலகையையும் இரும்புக் கம்பியையும் தொட்டால் கம்பிதான் கையைப் பொசுக்கும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும் இரும்பு தன்னிடமுள்ள வெப்பத்தை வேகமாகக் கைக்குத் தள்ளிவிடுகிறது. 2018-ல் ஆந்த்ரே வர்லமோவ், ஆந்த்ரியாஸ் கிளாட்ஸ் என்ற இயற்பியலாளர்கள் இருவரும், உணவு மானிடவியலாளர் செர்ஜியோ கிராஸோவும் சேர்ந்து இந்த வேறுபாட்டைப் பீட்சாவுக்குக் கணக்கிட்டார்கள். 330 டிகிரியில் காயும் ரோமாபுரிச் செங்கல் அடுப்பில் பீட்சாவை வைத்தால், மாவும் கல்லும் தொடும் இடத்தில் சூடு 208 டிகிரிதான் வரும். இரண்டே நிமிடத்தில் அடியும் மேலும் ஒருசேரப் பக்குவமாகும். அதே 330 டிகிரியில் எஃகுத் தளம் இருந்தால் தொடுமிடம் 300 டிகிரியை எட்டும். மேலே சீஸ் உருகி முடிப்பதற்குள் அடிப்பாகம் கரியாகிவிடும். சரி, எஃகு அடுப்பை 230 டிகிரிக்கு இறக்கினால்? அடிப்பக்கத்துக்குப் பழைய 208 கிடைத்துவிடும். ஆனால் மேலிருந்து வரும் கதிர்வீச்சு பாதிக்கும் கீழே போய்விடும். ஈடுகட்ட 170 விநாடிகள் வைக்க வேண்டும், அதற்குள் மாவு கூடுதலாக உலர்ந்துவிடும். ரோமாபுரிப் பீட்சா எஃகு அடுப்பில் அப்படியே வராதது கைப்பக்குவக் குறையால் அல்ல.

485 டிகிரியில் செங்கல்லே கூட அதிகம். ஆகவே நேப்பிள்ஸ்காரர்கள் தரைக்கு ‘சொரெண்டோ பிஸ்கோட்டோ’ என்ற களிமண் ஓட்டைப் பதிக்கிறார்கள். நுண்துளைகள் நிறைந்த, வெப்பத்தை மெல்ல விடும் ஓடு அது. கூரை எவ்வளவு காய்ந்தாலும் அடி தீயாமல் அது காக்கிறது. சமன்பாடு எதுவும் எழுதாமலே மேலுக்கும் கீழுக்கும் கணக்கைச் சரிசெய்துவிட்டார்கள். காய்கறி அதிகம் போட்ட பீட்சா வந்தால் கைதேர்ந்த சமையல்காரர் அடி வெந்ததும் அதைத் துடுப்பில் ஏந்தித் தரையிலிருந்து உயர்த்தி, கூரைக்கு அருகில் அரை நிமிடம் பிடிப்பார். தொடுகை நின்றுவிடும், கதிர்வீச்சு தொடரும். கத்தரிக்காயிலும் தக்காளியிலும் உள்ள நீர் ஆவியாக அந்த அரை நிமிடம் தேவை.

இப்போது சீஸுக்கு வரலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் மொசரெல்லாவையும் செடார், கோல்பி, ஈடம், எமெந்தால், குருயேர், புரோவொலோன் ஆகியவற்றையும் பீட்சாவில் சுட்டு, கேமரா வழியாக நிற மாற்றத்தை அளந்தார்கள். மொசரெல்லாவில் மட்டும் நீராவி பெரிய குமிழிகளாக எழும்பி, குமிழியின் உச்சியிலிருந்து எண்ணெய் வழிந்து, வெறுமையான அந்த இடம் பழுப்பேறியது. செடாருக்கு மீள்தன்மை போதாததால் குமிழி எழவில்லை. குருயேர், எமெந்தால் வகைகளில் கசியும் எண்ணெய் மேலே படலமாகி ஈரத்தை அடைத்துவைக்க, நிறம் ஏறவில்லை. இதை மட்டும் பார்த்தால் சீஸ்தான் எல்லாம் என்று தோன்றும். ஆனால் மொசரெல்லாவிலேயே இரண்டு குலம் உண்டு. நேப்பிள்ஸில் நீர் சொட்டும் புது மொசரெல்லாவைப் போடுகிறார்கள். 90 விநாடியில் அது உருகுமே தவிர, தன் நீரை முழுக்கக் கக்கிவிடாது. அதையே மிதமான அடுப்பில் பத்து நிமிடம் வைத்தால் பீட்சா குளமாகும். அதனால் அமெரிக்கக் கடைகள் ஈரம் குறைந்த, துருவும் பதத்திலுள்ள மொசரெல்லாவுக்கு மாறின. இது சுவை பார்த்து எடுத்த முடிவு என்பதைவிட நேரம் பார்த்து எடுத்த முடிவு.

நியூயார்க்கில் 1905-ல் தொடங்கிய லொம்பார்டி கடை நிலக்கரி அடுப்பில் சுட்டது. பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் ஃபிராங்க் பெப்பே 1925-ல் தொடங்கிய கடையும் அப்படித்தான். மட்டி பரப்பிய அதன் வெள்ளைப் பீட்சா இன்றும் பெயர்பெற்றது. ஓரம் கருகிய, முறுகலான பீட்சா அந்த அடுப்புகளின் குழந்தை. பின்னால் நியூயார்க் தெருக்களில் துண்டு போட்டு விற்கும் கடைகள் பெருகியபோது எரிவாயுவில் எரியும் தட்டு அடுப்புகள் வந்தன. அவற்றின் சூடு குறைவு. ஆகவே மாவில் எண்ணெயும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்தன. சர்க்கரை குறைந்த சூட்டிலும் நிறம் ஏற்றும், எண்ணெய் நீண்ட வேக்காட்டிலும் மென்மையைக் காக்கும். இந்த மாவை நேப்பிள்ஸ் அடுப்பில் வைத்தால் சர்க்கரை கருகிக் கசக்கும். நேப்பிள்ஸ் விதிகளில் மாவுக்கு எண்ணெயோ சர்க்கரையோ இடமில்லாததைத் தூய்மைவாதம் என்று கேலி செய்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

சிகாகோவில் 1943-ல் தொடங்கிய பிட்செரியா ஊனோ பிரபலமாக்கிய ஆழத்தட்டுப் பீட்சா அரை மணி நேரத்துக்கும் மேல் வேகும். அத்தனை நேரம் சீஸ் மேலே இருந்தால் தீய்ந்துவிடும். ஆகவே சீஸ் அடியில் போய்விட்டது, சாஸ் மேலே ஏறிவிட்டது. டெட்ராய்ட்டின் கதை தட்டில் இருக்கிறது. 1946-ல் பட்டீஸ் என்ற மதுக்கடை, கார் தொழிற்சாலைகளில் சிறு உதிரிபாகங்கள் வைக்கப் பயன்பட்ட நீல எஃகுத் தட்டுகளில் பீட்சா சுடத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். கனத்த எஃகு, உயர்ந்த ஓரம், அடியில் எண்ணெய். அதில் மாவு சுடுவதோடு பொரியவும் செய்கிறது. விளிம்புவரை பரப்பிய சீஸ் தட்டின் சுவரில் ஒட்டிப் பொன்முறுகலாகிறது. டெட்ராய்ட் ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்வது அந்த மூலைத் துண்டுகளுக்குத்தான்.

இதற்கெல்லாம் மறுப்பு இல்லாமல் இல்லை. நியூயார்க்வாசிகளின் முதல் மறுப்பு தண்ணீர்: கேட்ஸ்கில் மலைப்பகுதியிலிருந்து வரும் தங்கள் மென்னீரால்தான் மாவு அப்படி வருகிறது என்பார்கள். கால்சியமும் மக்னீசியமும் மாவின் பசைப்புரதத்தை இறுக்கும் என்பது உண்மையே. ஆனால் அளவைப் பாருங்கள். மிகக் கடினமான குடிநீரிலும் இந்தத் தாதுக்கள் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம்தான். நேப்பிள்ஸ் விதிப்படி மாவில் ஒரு லிட்டர் நீருக்குச் சேர்க்கும் உப்பு 40 முதல் 60 கிராம், அதுவும் பசைப்புரதத்தை இறுக்குவதே. கால்சியமும் சோடியமும் ஒன்றல்ல என்று வாதாடலாம், ஏற்கிறேன். ஆனாலும் உப்பைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துவிடக்கூடிய வேறுபாடு அது. 250 டிகிரி அடுப்பை எதைக் கூட்டியும் 485 ஆக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு விறகுப் புகையின் மணம். நன்கு காய்ந்த விறகு அந்தச் சூட்டில் ஏறக்குறையப் புகையின்றி எரிகிறது. எழும் கொஞ்சப் புகையும் கூரையை ஒட்டி ஓடி வாய்வழியே வெளியேறிவிடுகிறது. இறைச்சிக்குப் புகைமணம் ஏற மணிக்கணக்கில் ஆகும்போது, 90 விநாடியில் மாவுக்கு எவ்வளவு ஏறிவிடும்? ‘புகைமணம்’ என்று நாம் ரசிப்பது பெரும்பாலும் கருகிய மாவின் மணம். நேப்பிள்ஸ் சங்கமே இப்போது தேர்வில் தேறிய எரிவாயு, மின் அடுப்புகளுக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள சான் விதாலியானோ என்ற சிற்றூர் 2015 இறுதியில், காற்று மாசு தாங்காமல், வடிகட்டி பொருத்தாத விறகு அடுப்புகளுக்குத் தடையே விதித்தது.

மூன்றாவது மறுப்பு வலுவானது. மாவைப் புளிக்கவைக்கும் பக்குவம், உருண்டையை விரல்நுனியால் விரித்து காற்றை விளிம்புக்குத் தள்ளும் கைவேலை, இவை இல்லாமல் எந்த அடுப்பும் ஒன்றும் செய்யாது. 2017-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்ததும் நேப்பிள்ஸ் பீட்சா கைவினைஞர்களின் கலையைத்தான். பல மணி நேரப் புளிப்பில் நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. மணம் அங்கிருந்தே பிறக்கிறது. ஒரே தெருவில், ஒரே வகை அடுப்பு வைத்திருக்கும் இரண்டு கடைகளில் எது நல்ல கடை என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கைதான், சந்தேகமே இல்லை. நான் சொல்வது வேறு: அந்தக் கை எந்தப் பாணிக்குள் வேலை செய்ய வேண்டும் என்பதை அடுப்பு முன்கூட்டியே வகுத்துவிடுகிறது.

கணக்கு சரியென்றால் நம் வீட்டிலும் அது பலிக்க வேண்டும். வீட்டு ஓடிஜி அடுப்புகள் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். இதற்குக் கடையில் விற்கும் பீட்சாக் கல்லை வாங்கி வைத்தால், மேற்சொன்ன கணக்கின்படி மாவு தொடும் இடத்தில் கிடைப்பது ஏறக்குறைய 160 டிகிரிதான். அடி வெளிறியே இருக்கும். எஃகோ வார்ப்பிரும்போ வைத்தால் அது 225-ஐத் தாண்டிவிடும். சூடு மிகுந்த அடுப்பில் பகையாக இருந்த இரும்பு, சூடு போதாத அடுப்பில் உறவாகிவிடுகிறது. அந்த இரும்பு நம் சமையலறையிலேயே இருக்கிறது. அடுப்புக்குள் அடங்கும் கனமான வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை, மரப்பிடி இருந்தால் கழற்றிவிட்டு, உள்ளே மேல்தட்டில் வையுங்கள். நான்ஸ்டிக் கல் வேண்டாம். அதன் பூச்சு 260 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்கும். மேலிருந்து வரும் கதிர்வீச்சு குறைவு என்பதால் கடைசி ஓரிரு நிமிடம் மேல்கம்பியை மட்டும் எரியவிடுங்கள். பீட்சா வெந்துவிட ஏழெட்டு நிமிடம் போதும், கல் காய்வதற்குத்தான் முக்கால் மணி நேரம் ஆகும்.