பழைய வரிசையில் ஒரு புதுப்பலகை

புதிதாக ஒரு பொருளைச் செய்வதைவிட, ஏற்கெனவே உள்ள பொருளோடு பொருந்துமாறு ஒன்றைச் செய்வது கடினம். அடுக்களை அலமாரியில் தேக்குமர இழுப்பறைகள் ஒரே வரிசையில் அமைந்துள்ளதாகக் கொள்ளலாம். அவற்றுள் ஒன்றன் முகப்புப் பலகை ஈரத்தால் இற்றுவிடுகிறது. அதற்காக வரிசை முழுவதையும் மாற்றினால் நல்ல மரம் வீணாகும். பொருந்தாத பலகையைப் பொருத்தினால் வரிசையே அழகிழக்கும். இந்நிலையில்தான் தச்சரின் செய்திறன் சோதிக்கப்படுகிறது.

சாய்விளிம்பின் பயன்

பலகையின் நடுப்பகுதி தடித்தும் நான்கு ஓரங்களும் சரிந்து மெலிந்தும் இருக்குமாறு செதுக்குவது சாய்விளிம்பு ஆகும். இஃது அழகுக்காக மட்டும் அமைவதன்று. செங்கோண முனை இடிபட்டால் எளிதில் சிதையும். சாய்விளிம்பில் அம்முனை விரிகோணமாவதால் அடியைத் தாங்கும். சரிவில் விழும் ஒளி நடுப்பரப்பின் ஒளியினின்று வேறுபடுவதால், பலகையைச் சுற்றிச் சட்டம் இட்டது போன்ற தோற்றமும் உண்டாகிறது. சரிவின் கோணம் மாறினால் ஒளியும் மாறும். ஆகவேதான் சிறு பிழையும் கண்ணுக்குப் புலப்பட்டுவிடுகிறது.

அளவும் கணக்கும்

தச்சர் முதலில் கையில் எடுக்க வேண்டியது உளியை அன்று, அளவுகோலையே. பழைய பலகையின் நீளம், அகலம், தடிமன், சரிவின் அகலம், ஓரத்தின் தடிமன் ஆகிய ஐந்தையும் அவர் குறித்துக்கொள்கிறார். நடுவில் 20 மி.மீ. தடிமனுள்ள பலகை ஓரத்தில் 14 மி.மீ. ஆகக் குறைந்தால் இறக்கம் 6 மி.மீ. ஆகும். சரிவின் கிடையகலம் 30 மி.மீ. எனில், இறக்கத்தை அகலத்தால் வகுக்கக் கிடைப்பது 0.2. இதனை டேன்ஜென்ட் மதிப்பாகக் கொண்ட கோணம் ஏறத்தாழ 11.3 பாகை. இதில் ஒரு பாகை மிகுந்தால் ஓரத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு தோன்றும். பக்கத்துப் பலகையோடு ஒட்டித் தடவும் விரல் அதனை உடனே உணரும். வகுப்பறையில் கற்கும் முக்கோணவியல் தச்சுப்பட்டறையில் இவ்வாறு பயன்படுகிறது.

மரத்தின் இயல்பு

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றின் ஈரத்தை ஏற்கும், வெளியிடும். அதனால் இழைக்குக் குறுக்கே விரிந்தும் சுருங்கியும் வரும். இழையின் நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சிறிது. எனவே, புதுப்பலகை நன்கு உலர்ந்த தேக்காகவும், பழைய பலகைகளின் இழை ஓடும் திசையிலேயே இழை அமைந்ததாகவும் இருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் விரிவதற்கென இழுப்பறைகளுக்கிடையே சிறிது இடைவெளியும் தேவை.

செதுக்கும் முறை

சரிவின் எல்லைகளைக் கீறிய பின், கழிவுத் துண்டு ஒன்றில் முதலில் செதுக்கிப் பழைய பலகையோடு ஒப்பிட வேண்டும். பின்னர் இழைக்குக் குறுக்கான இரு ஓரங்களை இழைப்புளியால் சீவ வேண்டும். அப்போது முனைகளில் சிம்பு பெயர்வது உண்டு. அடுத்து நீளவாக்கிலான ஓரங்களைச் சீவும்போது அச்சிதைவு நீங்கிவிடும். வரிசையை மாற்றிச் செய்தால் முடிந்த விளிம்பு பழுதாகும். நான்கு சரிவுகளும் ஒரே அளவின எனில், மூலைகளில் அவை கூடும் கோடு 45 பாகையில் அமையும். கோடு விலகினால் ஏதோ ஒரு சரிவு பிழைபட்டுள்ளது என்பது பொருள்.

இறுதியில் உப்புத்தாளால் தேய்த்து மெருகிடுவர். புதிதாக இழைத்த தேக்கின் நிறம் ஒளி பட்டு மாறும் இயல்புடையது. ஆதலால், மெருகிடுமுன் பலகையைச் சில நாள் வெயிலில் வைத்து நிறத்தைப் பழையதோடு ஒப்பிடுதல் நலம்.

பொறுமையே திறன்

ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த தேர்ச்சக்கரத்தை, அதியமானின் ஆற்றலுக்கு உவமையாக்குகிறார் ஔவையார் (புறநானூறு 87). விரைந்து செய்ய வல்லவரே எங்கு விரையக் கூடாது என்பதையும் அறிவர். புதுப்பலகை எது எனக் காண்போர் தேடியும் கண்டறிய இயலாதபோது தச்சரின் பணி நிறைவுறுகிறது. தன் கைத்திறன் வெளித்தெரியாமற்போவதே இத்தொழிலில் அவர் பெறும் வெற்றியாகும்.