ஜீப் வெளிச்சத்தில் தடியோடு நிற்காதீர்கள்

நள்ளிரவில் காலனித் தெருவில் கல் விழுகிறது. ஓடு உடைகிறது, கதவை உதைக்கிறார்கள். வீட்டுக்காரர் கையில் கிடைத்த தடியோடு வாசலில் நிற்கிறார். வந்த கும்பல் இருட்டில் ஓடிவிடுகிறது. அதன் பிறகுதான் போலீஸ் ஜீப் வருகிறது. அதன் வெளிச்சத்தில் தெரிவது தடியோடு நிற்கும் நம் ஆள் மட்டும்தான். விடிவதற்குள் அவர் மீதும் ஒரு வழக்கு விழுகிறது. அந்த எதிர்வழக்கைக் காட்டித்தான் பிறகு சமரசப் பேச்சு நடக்கும்.

தற்காத்துக்கொள்வது குற்றம் அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், நம் உயிரையும் உடைமையையும் அடுத்தவருடையதையும் காக்கும் உரிமையைத் தருகின்றன. ஆனால் எல்லை உண்டு. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. ஓடுகிறவனைத் துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது. கடமையைச் செய்யும் காவலருக்கு எதிராக, உயிர்ப்பயமோ கொடுங்காயப் பயமோ இல்லாதபோது இந்த உரிமை செல்லாது. கும்பல் என்று நினைத்து ஜீப் மீது எறியும் ஒரு கல், மொத்த வழக்கையும் நமக்கு எதிராகத் திருப்பிவிடும்.

எனவே 112க்கு அழைக்கும்போதே ஊர், தெரு, அடையாளம், தாக்குகிறவர்கள் எத்தனை பேர், வீட்டுக்குள் யார் யார் என்று சொல்லிவிடுங்கள். 'தடியோடு வாசலில் நிற்பவர் வீட்டுக்காரர், நீலச் சட்டை' என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஜீப் வந்ததும் தடி, அரிவாள் எதுவானாலும் கீழே வைத்துவிட்டு, கை தெரிய நில்லுங்கள். தெரு விளக்கு இல்லையென்றால் வீட்டு விளக்கைப் போடுங்கள். ஜீப்பை யாரும் சூழ வேண்டாம். ஒருவர் மட்டும் பேசட்டும். இன்னொருவர் தள்ளி நின்று செல்போனில் படம் எடுக்கட்டும்.

இது பணிந்துபோகச் சொல்வதாகச் சில இளைஞர்களுக்குப் படும். கோபம் நியாயமானதே. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் புகுந்த போலீஸே வீடுகளைச் சூறையாடியது. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் எரிக்கப்பட்டன. அதை அறிந்ததால்தான் சொல்கிறோம்: அந்த ஐந்து நிமிடத்தில் நம் மீது வழக்குப் போட ஒரு காரணத்தையும் நாமே கொடுக்கக் கூடாது. மாணவர்கள் சான்றிதழ், சாதிச் சான்று நகல்களை வெளியூர் உறவினர் வீட்டில் ஒரு செட் வைத்திருப்பதும் நல்லது.

அடுத்தது புகார். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி, வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை. விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். தலித் அல்லாத, பழங்குடி அல்லாத அதிகாரி வேண்டுமென்றே கடமை தவறினால், 4வது பிரிவில் அவருக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. நிலையத்தில் பதிய மறுத்தால், எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 14566 என்ற வன்கொடுமை உதவி எண்ணும் உண்டு.

நம் ஆளைக் கைது செய்தால், காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்வது விதிவிலக்கான நிலையில் மட்டுமே. அதற்கும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் காவலரும் வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

பலர் தவறவிடுவது ஆஸ்பத்திரியைத்தான். சிறு காயம்தானே என்று மஞ்சள் பூசி வீட்டில் படுத்துவிடுகிறோம். எதிர்த்தரப்பு அதே இரவில் அரசு மருத்துவமனையில் சேர்ந்துவிடுகிறது; மறுநாள் கட்டுப் போட்டவர்தான் பாதிக்கப்பட்டவராகத் தெரிகிறார். அன்றிரவே போங்கள். யார், எதனால் அடித்தார்கள் என்பதை டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ரத்தம் படிந்த சட்டையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். உடைந்த ஓட்டையும் விழுந்த கல்லையும் போலீஸ் வந்து பார்க்கும்வரை கூட்டித் தள்ளாதீர்கள்.