எபிசோட் 38: அபு சிம்பல் – கோயில் மேட்டுக்குப் போச்சு, ஊர் என்ன ஆச்சு?

(பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, வாசிக்க வசதியாகத் தொகுத்த எழுத்து வடிவம்.)

 

எகிப்துன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது பிரமிடு, மம்மி, தங்க முகமூடி. இன்னிக்கு அதெல்லாம் வேண்டாம். 1960-கள்ல அந்த நாடு எடுத்த ஒரு முடிவைப் பற்றிப் பேசலாம். நாட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் வேணும். அதுக்கு ஒரு பெரிய அணை கட்டணும். கட்டினால் 3,000 வருஷத்துக்கும் மேல் பழமையான கோயில்கள் முழுகிப் போயிடும். என்ன செய்வீங்க?

கோயில்களைக் காப்பாற்றிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும், வீடியோக்கள் நிறைய இருக்கு. அந்தக் கதையோட இன்னொரு பாதி அவ்வளவா வெளியே வரவில்லை. இன்னிக்கு ரெண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

அணை ஏன் தேவைப்பட்டது?

முதல்லயே சொல்லிடறேன், இது "அணை கட்டினவன் வில்லன்" கதை இல்லை. எகிப்தோட நிலம் பெரும்பாலும் பாலைவனம். மக்கள் வாழ்வது நைல் நதியை ஒட்டிய ஒரு பச்சைக் கோட்டில்தான். ஒரு வருஷம் நைலில் வெள்ளம், இன்னொரு வருஷம் வறட்சி. ரெண்டுமே ஆளைக் கொல்லும்.

புதுசா குடியரசான எகிப்தின் தலைவர் நாசருக்கு அஸ்வான் உயர் அணை ஒரு கனவுத் திட்டம். பணம் தர்றதா சொன்ன அமெரிக்காவும் பிரிட்டனும் 1956 ஜூலையில் பின்வாங்கின. அதே மாதம் 26-ஆம் தேதி நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிறகு சோவியத் யூனியன் உதவிக்கு வந்தது. 1960 ஜனவரியில் வேலை ஆரம்பம், 1970-ல் முடிந்தது. 12 டர்பைன்கள், மொத்தம் 2,100 மெகாவாட். 1980-களில் எத்தியோப்பியாவும் சூடானும் பஞ்சத்தில் தவித்தபோது, எகிப்து தப்பிக்க இந்த அணையில் இருந்த தண்ணீர் பெரிய காரணம்.

ஆனால் அணைக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஏரி உருவாகப் போகிறது. அதன் பெயர் நாசர் ஏரி. அதன் தென்பகுதி சூடானுக்குள் போகும். அந்தப் பள்ளத்தாக்குதான் நூபியா.

மலையை வெட்டி நகர்த்திய கதை

நூபியாவில் இருந்த கோயில்களில் ரொம்பப் பிரபலமானது அபு சிம்பல். கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராம்செஸ் மன்னன் ஒரு மலையையே குடைந்து கட்டியது. வாசலில் நாலு சிலைகள், ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர். வருஷத்தில் ரெண்டு நாள், பிப்ரவரி 22, அக்டோபர் 22-ஐ ஒட்டி, காலைச் சூரிய வெளிச்சம் சுமார் 60 மீட்டர் உள்ளே போய்க் கருவறைச் சிலைகள் மேல் விழும். நாலு சிலைகளில் மூன்றுக்கு மட்டும்தான். நாலாவது ப்தா என்ற தெய்வம், அது இருட்டிலேயே இருக்கும்.

1960 மார்ச்சில் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. விதவிதமான யோசனைகள் வந்தன. முழு மலையையும் ஒரே துண்டாக வெட்டி, ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்று இத்தாலியில் இருந்து ஒரு திட்டம். செலவு கட்டுப்படி ஆகவில்லை. கடைசியில் துண்டு துண்டாக வெட்டி எடுப்பது என்று முடிவானது.

1964 முதல் 1968 வரை அந்த வேலை நடந்தது. ஏரித் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் முதலில் ஒரு தற்காலிகத் தடுப்பணை. பிறகு கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்தார்கள். பல துண்டுகள் 20 முதல் 30 டன் எடை. வெளியே தெரியும் முகப்பில் வெட்டுக்கோடு தெரியக்கூடாது என்று கைரம்பத்தால் மெல்லிசாக அறுத்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண். பழைய இடத்திலிருந்து 65 மீட்டர் உயரத்தில், 200 மீட்டர் பின்னால் தள்ளி, எல்லாவற்றையும் மறுபடி சேர்த்தார்கள். பின்னால் இருக்கிற மலை செயற்கை. உள்ளே கான்கிரீட் குவிமாடம் இருக்கு. சூரிய வெளிச்சம் இன்னிக்கும் கருவறைக்குள் வருது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. நாலு சிலைகளில் ஒன்று பழங்காலத்து நிலநடுக்கத்தில் உடைந்து, தலை கீழே விழுந்து கிடந்தது. அதையும் சரி செய்யாமல், விழுந்து கிடந்த மாதிரியே புது இடத்தில் வைத்தார்கள். அவ்வளவு கவனம்!

சுமார் 4 கோடி டாலர் செலவு. ஏறக்குறைய 50 நாடுகள் கை கொடுத்தன. மொத்தப் பணியும் 20 வருஷம் நடந்தது, 22 நினைவுச்சின்னங்கள் இடம் மாறின. நன்றியாக எகிப்து சில கோயில்களைப் பரிசாகவே கொடுத்தது. டெண்டூர் கோயில் இப்போ நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில், டெபோட் கோயில் மாட்ரிட் நகரப் பூங்காவில்.

அந்தக் கோயில் யாருடைய நிலத்தில் இருந்தது?

இப்போ மற்ற பாதிக்கு வருவோம். நூபியா காலி நிலம் இல்லை. தனி மொழிகளும் தனி வரலாறும் கொண்ட நூபியர்கள் அங்கே ஆயிரக்கணக்கான வருஷங்களாக வாழ்ந்தவர்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் இந்தத் தெற்கிலிருந்து போன குஷ் மன்னர்கள் எகிப்தையே ஆண்டார்கள், அவர்கள்தான் 25-ஆவது வம்சம். இடைக்காலத்தில் நூபிய மொழியைத் தனி எழுத்தில் எழுதினார்கள்.

அபு சிம்பல் எதுக்குக் கட்டினது தெரியுமா? எகிப்தின் தெற்கு எல்லையில், நூபியர்களுக்குத் தன் பலத்தைக் காட்டவும்தான் ராம்செஸ் அதை அவ்வளவு பெருசாகக் கட்டினான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். அதாவது, அந்த நிலத்தைப் பிடித்த ராஜாவின் கோயில் மேட்டுக்குப் போனது. அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களின் வீடுகள் தண்ணீருக்குள் போயின.

அவர்களுக்கு இது முதல் தடவையும் இல்லை. அஸ்வானில் 1902-லேயே ஒரு சிறிய அணை வந்தது. 1912-லும் 1933-லும் அதை உயர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் வயலும் பேரீச்சை மரங்களும் முழுக, மக்கள் வீடுகளை இன்னும் மேலே கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் பலர் கெய்ரோவுக்கும் அலெக்ஸாண்ட்ரியாவுக்கும் சமையல்காரர்களாக, வாயில்காவலர்களாக வேலைக்குப் போனார்கள். உயர் அணை வந்தபோது ஏறிப்போக மேடே இல்லை.

அறைக் கணக்கில் பிரிந்த குடும்பங்கள்

1963 அக்டோபர் முதல் 1964 நடுப்பகுதி வரை, எகிப்துப் பக்கம் மட்டும் சுமார் 50,000 பேரை வடக்கே கோம் ஓம்போ பக்கம் குடியேற்றினார்கள். சூடான் பக்கம் வாடி ஹல்ஃபா பகுதியிலிருந்தும் ஏறக்குறைய அதே அளவு மக்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, காஷ்ம் எல் கிர்பாவுக்கு அனுப்பினார்கள். சிலர் போக மறுத்தார்கள். தண்ணீர் ஏற ஏற, கூடாரத்தைப் பின்னால் நகர்த்தி நகர்த்தி அங்கேயே இருந்தார்கள். இன்னிக்கு வாடி ஹல்ஃபான்னு ஒரு ஊர் இருக்குன்னா அவர்களால்தான்.

கோம் ஓம்போவில் புது ஊர்களுக்குப் பழைய ஊர்களின் பெயரையே வைத்தார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் கிட்டத்தில் வந்தன, அதையும் சொல்லணும். ஆனால் வீடு ஒதுக்கியது எப்படின்னு பாருங்க. எத்தனை பேர் இருக்கிறார்களோ அதற்கேற்ப ஒரு அறை வீடு, ரெண்டு அறை வீடு என்று பிரித்தார்கள். ஒரே அளவு வீடுகள் எல்லாம் ஒரே பக்கம். தனியாக இருக்கும் பாட்டிக்கு ஒரு அறை வீடு, அது ஊரின் ஒரு மூலையில். பிள்ளைகள் நிறைய இருக்கும் மகளுக்கு நாலு அறை வீடு, அது இன்னொரு மூலையில். பழைய ஊரில் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடு.

நான் ஒரு ப்ராஜெக்ட்ல டேட்டா மைக்ரேஷன் பண்ணியிருக்கேன். லட்சக்கணக்கான ரெக்கார்டு, ஒண்ணு கூடத் தொலையலை. டீமே கேக் வெட்டினோம். மறுநாள் பார்த்தா, எந்த ரெக்கார்டு எதோட சேர்ந்ததுங்கிற தொடர்பெல்லாம் அறுந்து கிடந்தது. அதைச் சரிபார்க்கணும்னு எங்க யாருக்குமே தோணலை. எங்களுக்கு ஒரு பேக்கப் இருந்தது. ஒரு வாரத்துல சரி பண்ணிட்டோம். இவங்களுக்கு பேக்கப் கிடையாது.

இன்னொன்று, புது ஊர்கள் நைல் கரையில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி இருந்தன. நூபியர்களுக்குப் பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் சடங்கு நைலில்தான். முதல் மாதங்களில் குழந்தைகளும் வயதானவர்களும் பலர் இறந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஓர் இன்ஜினியர், ஒரு ஊத் வாத்தியம்

ஹம்ஸா எல் தின் என்று ஒருத்தர். 1929-ல் தோஷ்கா என்ற நூபிய ஊரில் பிறந்தவர். இன்ஜினியரிங் படித்துவிட்டு கெய்ரோவில் ரயில்வேயில் வேலை பார்த்தார். அணை வரப்போகிறது என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு, ஊத் என்கிற நரம்பு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு நூபிய ஊர்களுக்குப் போனார். மக்களை எச்சரித்தார். அணையை அவரால் நிறுத்த முடியவில்லை. தோஷ்கா முழுகியது. 1971-ல் வந்த அவருடைய 'எஸ்கலே' ஆல்பத்தின் பெயருக்கு நீர்ச்சக்கரம் என்று அர்த்தம். மாடு சுற்ற, நைலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற சக்கரம். அந்தச் சக்கரம் சுற்றின வயல்கள் இப்போ ஏரிக்கு அடியில். ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேளுங்க.

பத்து வருஷக் கெடு

2014-ல் எகிப்தின் புது அரசியலமைப்பில், 236-ஆவது பிரிவில், நூபியர்களை அவர்களுடைய பூர்விக இடங்களுக்குத் திரும்பக் கொண்டுவரும் திட்டங்களை 10 வருஷத்துக்குள் செயல்படுத்துவோம் என்று எழுதினார்கள். ஏரிக்கரையிலாவது ஊர் கிடைக்கும் என்று நம்பினார்கள். அதே வருஷக் கடைசியில் வந்த ஜனாதிபதி ஆணை எண் 444, எல்லைப் பகுதிகளை ராணுவ மண்டலமாக்கியது. நூபியர்கள் திரும்பக் கேட்ட நிலத்தில் ஒரு பகுதி அதற்குள் போய்விட்டது. சில குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைத்தது. 2024-ல் கெடு முடிந்தது. திரும்பிப் போவது நடக்கவில்லை.

அபு சிம்பலைக் காப்பாற்றியது வீண் என்று நான் சொல்லவில்லை. 1972-ல் உலகப் பாரம்பரிய ஒப்பந்தம் உருவாக இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம். என் கேள்வி ஒண்ணுதான். உடைந்து விழுந்த சிலையின் தலை எந்த இடத்தில் கிடந்ததோ அதே இடத்தில் வைக்கணும்னு யோசித்த காலத்தில், பாட்டி வீட்டுப் பக்கத்தில் மகள் வீடு இருக்கணும்னு யாரும் ஏன் யோசிக்கவில்லை? கல்லுக்கு எண் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்கு யாரும் எண் போடவில்லை.

உங்க குடும்பத்துல யாராவது ஒரு அணைக்காகவோ ரோட்டுக்காகவோ ஊரை விட்டு வந்திருந்தா, அவங்ககிட்ட கேளுங்க: பக்கத்து வீட்ல யார் இருந்தாங்க? பதிலை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.